காற்றாலைக்கு ஊற்றிய டீசல்

பெப்ரவரி 3

கொழும்பு ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் இன்று இறக்கை வந்து இறங்கியது. மன்னாரில் நிறுத்தப்போகும் காற்றாலையின் முதல் இறக்கை. அதன் அளவுகளையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அருகில் போய் நின்றபோதுதான் அதன் பருமன் விளங்கியது. கொள்கலன்களுக்கு நடுவே திமிங்கிலம் ஒன்று படுத்திருப்பதுபோல. அடியிலிருந்து நுனிவரை நடந்தேன். நுனி கடற்காற்றில் மெல்ல அசைந்தது - கட்டிப்போட்டிருக்கும்போதே!

இதை மன்னாரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. முதல் தடவை.

பெப்ரவரி 4

ஜனா சிரிக்கிறார்: "சுத்தமான கரண்ட் எண்டு சொல்லுறீர், உம்மட உடுப்பெல்லாம் டீசல் மணக்குது."

என்னைக் கட்டின மனுசன் சொல்கிற கதையா இது? ஆனால் பிறகு யோசித்தேன். இறக்கையின் பிசின் பெற்றோலியம். கோபுரத்து இரும்பு நிலக்கரியில் உருகியது. கப்பல் ஓடியது எண்ணெயில். அப்ப நான் என்னத்தைச் செய்துகொண்டிருக்கிறன்?

பெப்ரவரி 6

எண்ணெய்க் கப்பல் பிந்துகிறதாம். எரிபொருள் ஷெட்டுகளில் கியூ. எங்களுக்குப் பாதி டீசல்தான் தந்தார்கள்.

பெப்ரவரி 8, ஞாயிறு



இறக்கையை நீண்ட ட்ரெயிலரில் ஏற்றி விடியப் புறப்பட்டோம். சாரதி யேசுரட்ணம் அண்ணை, கொட்டாஞ்சேனைக்காரர். முதல் வளைவிலேயே சிக்கல். முன்னுக்கு, பின்னுக்கு, திரும்ப முன்னுக்கு - மத்தியானம்வரை. மிச்சத்தை வழியில் நிரப்பலாம் என்று நம்பிக் கொண்டுவந்த பாதி டீசல் அங்கேயே எரிந்து தீர்ந்தது.

"மிஸ், முடிஞ்சுது," என்றார் அண்ணை.

வீதி முழுக்க அடைபட்டது. இறக்கைக்குப் பின்னால், ஐயோ, பக்கத்து ஷெட்டுக்கு டீசல் கொண்டுவந்த பவுசர்! முன்னால், அந்தப் பவுசருக்காகக் காத்திருக்கும் லொறி, பஸ்களின் கியூ. பவுசர்காரரிடம் கெஞ்சினேன். "பே, மிஸ்," ஏலாது என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். பவுசரின் சீல் முத்திரையை ஷெட்டில் வைத்துத்தான் உடைக்கலாமாம்.

கியூவிலிருந்து ஏச்சு. ஒருவன் இறக்கையை உதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

அப்போது ஒரு பெண் வந்தார். பெயர் றஞ்சிதமாம், மீன் லொறிக்காரி.

"இது என்ன சாமான், மிஸ்?"

"காத்தாலையின்ர இறக்கை, அக்கா. காத்தில கரண்ட் எடுக்கிறதுக்கு."

"இவ்வளவு பெரிசு, காத்துக்குச் சுத்துமா?"

"ஓம்."

"ஆண்டவரே!" அண்ணாந்து பார்த்தார். பிறகு கியூவைப் பார்த்துக் கத்தினார்: "இது போனாத்தானே பவுசர் வரும்! சும்மா ஏசிக்கிட்டு நிக்காம, டாங்கில மிச்சம் கிடக்கிறத ஊத்துங்க!"

தன் லொறியில் முதலில் குழாய் விட்டவரும் அவர்தான். பிறகு ஒரு பஸ்காரர். பிறகு ஒவ்வொருவராக, கான், போத்தல், பெயின்ற் வாளி. சிலர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே ஊற்றினார்கள். உதைத்தவனும் ஒரு போத்தல் கொண்டுவந்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

எஞ்சின் பிடித்தது. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். இறக்கை வளைவைவிட்டு வெளியே வர, வீதியோரத்தில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள்.

அத்தனை பேரும் தங்களிடம் மிஞ்சியிருந்ததை ஊற்றினார்கள். இதை அலுவலக அறிக்கையில் நான் எப்படி எழுதுவேன்?

பெப்ரவரி 11

மன்னார். சேதமில்லாமல் வந்துசேர்ந்தோம். நித்திரை, நித்திரை.

மே 2

மன்னார். இன்றுதான் மின் இணைப்பு வந்தது. இதுவரை காற்றாலையின் கருவிகளுக்கு உயிர் கொடுத்தது ஒரு டீசல் ஜெனரேற்றர். அது உறுமிக்கொண்டிருக்கவே பிரேக்கை விட்டோம். மூன்று இறக்கைகளும் மெல்லத் திரும்பின. ஒரு சுற்று. இன்னொன்று.

ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னேன்.

உறுமல் அடங்கியது. இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.