சிம்பிளாக ஒரு கல்யாணம்

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சாரலில் காயாத துணிகளோடு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையாகப் போகிற குமரகுருவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க இலஞ்சி முருகன் துணை. போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். போன தை மாதம் நீ, இலஞ்சி கோவிலில் இருபது பேரோடு சிம்பிளாகக் கல்யாணம் செய்தால் போதும் அம்மா என்றாய், நானும் சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் இங்கிலீஷ் நடத்தினவள்தான், ஆனாலும் இந்தச் சின்ன வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் உண்டு என்று உன் கல்யாணப் பேச்சு வந்த பிறகுதான் படித்தேன்.

முதலில் அப்பா அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எளிய, வெள்ளந்தியான, கலப்பில்லாத என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர்கள், புத்தி மட்டு என்று ஒரு அர்த்தம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். பழைய இங்கிலீஷில் மூலிகைக்கும் அதுதான் பெயர் என்று நான் சொன்னதற்கு, அப்படியென்றால் குற்றாலத்தில் கடை போட்டுவிடலாம் என்றார்கள். இங்கிலீஷ் கவிஞர்களுக்கு ஆடு மேய்க்கிறவனையும் அவன் குடிசையையும் கண்டால் போதும், உடனே இந்த வார்த்தையை எடுத்து மாட்டிவிடுவார்கள், ஒழுகுகிற குடிசையில் ஒரு மழைக்குப் படுத்துப் பார்த்திருந்தால் வேறு வார்த்தை தேடியிருப்பார்கள். நம் வீட்டுக் கவிஞன், உன் நாகராஜன் மாமா மட்டும் இளைத்தவனா? கல்யாண வாழ்த்துமடலுக்கு எளிமையின் எழிலே என்று தொடங்கி நாற்பத்தெட்டு வரி எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் தானே வாசிக்கவேண்டும் என்று மைக்செட்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டான். இலத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் மதினி, எல்லாம் சிம்பிளாக இருந்தால் போதும் என்றார்கள், அதே மூச்சில் மறுவீட்டுத் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்குத் தங்கள் பக்கத்தில் இருநூறு பேர் வருவார்கள் என்றும் சொன்னார்கள். அழைப்பிதழ் கடையில் சிம்பிள் கார்டு கேட்டதற்கு அந்தப் பையன் எடுத்துப் போட்டதில் ஒரு பிள்ளையாரும் ரெண்டு யானையும் தொங்கலில் மணியும் இருந்தன, கடையிலேயே விலை கூடின கார்டு அதுதானாம்.

இதெல்லாம் போகட்டும், கூத்து உன் அப்பாவால்தான் வந்தது. இருபது பேர்தான் என்றால் மற்ற சொந்தக்காரர்கள் மனசு நோகுமே, நாளைக்கு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்கவேண்டாமா என்று யோசித்து, உங்களைக் கூப்பிடவில்லை என்பதை வீடு வீடாக நேரில் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள். நல்ல காரியம் பேசப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா? தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு குத்துக்கல்வலசையில் தொடங்கிப் பாவூர்சத்திரம் வரை ஆட்டோவில் போய், ஒவ்வொரு வீட்டிலும் தட்டை நீட்டி, கல்யாணம் சிம்பிளாக வைத்திருக்கிறோம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தட்டைக் கையில் வாங்கினபிறகு யார் காதில் எது ஏறும்? நம் பக்கத்தில் தாம்பூலத் தட்டு வந்தால் அது அழைப்பு, கூடவே வராதீர்கள் என்று சொன்னால் அது தன்னடக்கம். பாவூர்சத்திரத்துப் பெரியம்மை எனக்கு போன் போட்டு, "இம்புட்டு தூரம் தட்டோட வந்து கூப்பிட்டிருக்காவ, வராம இருப்பமா?" என்கிறாள். அருவியில் தண்ணீர் விழுந்தால் முந்தின நாளே வந்து குளித்துவிடலாம் என்று வேன்கூடப் பேசிவிட்டார்களாம். கூப்பிடாமல் இருப்பதற்காக ஊரையே கூப்பிட்டுவிட்டு வந்த மனுஷர் தென்காசியில் உன் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்கள்.

இதைக் கேட்டுத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ, அப்படியென்றால் நாங்கள் ஊருக்கே வரவில்லை, இங்கேயே ரெஜிஸ்டர் செய்துகொள்கிறோம், அதுதான் ரொம்ப சிம்பிள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாய். இத்தனை அர்த்தத்தையும் சிரித்துக்கொண்டு தாங்கின எனக்கு இந்த ஒன்றைத் தாங்க முடியவில்லை பிரியா. நீ எங்களுக்கு ஒரே மகள், உன் கழுத்தில் மாலை விழுகிறதை நான் போனில் போட்டோவாகப் பார்க்க மாட்டேன். அன்றைக்கு அழுதேன், அதை மறைப்பானேன்.

அழுது முடித்ததும் கோவிலுக்குப் போய்ப் பேசி ஆவணியில் குறித்திருந்த அதே நாளில் விடியற்காலை முகூர்த்தம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். தாலி கட்டுகிற நேரம் நீ கேட்ட இருபது பேர்தான் இருப்பார்கள், அந்நேரத்துக்கு நம் சொந்தக்காரர்களில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள், பயப்படாதே. தட்டு வாங்கின மற்றவர்களுக்கெல்லாம் மத்தியானம் மண்டபத்தில் சாப்பாடு, மாமா அங்கே வாசித்துக்கொள்ளட்டும், நீங்கள் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றால் போதும். அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, யார் வீட்டுக்கும் போவதில்லை. நேற்று நான் அந்த இருபது பேரையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்கள். உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்கவேண்டிய மனுஷர் கேட்டார்கள்: "ஏட்டி, அந்த இருபதுல நான் உண்டா?"

அதற்குப் பதில் நீ சொல்லவேண்டியது. ரெண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல், தீர்க்காயுசோடு இருக்கவேண்டும். இதைப் படித்ததும் எனக்கு போன் செய்யாதே, அப்பாவுக்குச் செய்.

உன் அம்மா,
உமா மகேஸ்வரி,
தென்காசி.