கயலின் சேற்றுப்புண்

ஐப்பசி 9, புதன் இரவு.

கயல் தூங்கிவிட்டாள். நேற்று அவளைக் குளிப்பாட்டும்போது தொடை இடுக்கில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி கையில் பட்டது. நெறி கட்டியிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டேன். பிறகு போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஒலக்கூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார். உடனே காலைப் பிடித்து விரல்களை விரித்தார். சுண்டுவிரல் இடுக்கில் சேற்றுப்புண், வெள்ளையாக வெடித்திருந்தது.

“கொழந்த மூஞ்சிக்கு இவ்ளோ பவுடரு போட்டு இட்டுக்கினு வந்திருக்கீங்க, கால யாரும்மா பாக்கறது?”

“அப்போ அந்தக் கட்டி, மேடம்?”

“புண்ணு வழியா வந்த கிருமிய மேல ஏறவிடாம அங்க நிறுத்தி சண்ட போட்டுக்கினு இருக்குது. அதப் போயி நீவி வேற விட்டீங்களா? தினம் சோப்பு போட்டு கழுவி, விரல் சந்த ஈரமில்லாம தொடைங்க. மருந்து போடுங்க. மழையில செருப்பில்லாம விடாதீங்க. பத்து நாள்ல அடங்கலன்னா வாங்க.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் விரல் விரலாகத் துடைத்துவிட்டபோது கயல் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். “இன்னொரு காலும்மா” என்று தானே நீட்டினாள்.

கட்டி இன்னும் இருக்கிறது. பத்து நாள் பொறுக்க வேண்டும். தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

இதை எழுதும்போதுதான் என் காலைப் பார்க்கிறேன். மழைத் தண்ணீரில் நின்று துணி துவைத்ததில் விரல் இடுக்கெல்லாம் ஊறிக் கிடக்கிறது. கழுவித் துடைத்துவிட்டு வந்து படுக்கிறேன்.