அடித்துத் திருத்திய எலும்பு

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை. போன இரண்டு கடிதங்களிலும் உன் இருமலைப் பற்றிக் கேட்டேன். முதல் பதிலில் அங்கே குளிர் என்று எழுதினாய், அடுத்ததில் ஆபீஸ் நாற்காலியால் முதுகு வலி என்று எழுதினாய். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான்தான் உனக்குப் பழக்கவில்லையோ என்னவோ.

இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் தாவாமல் படி. ஐந்து மாதம் முன்பு எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கூடவே வறட்டு இருமல். தெருமுனை டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அறிக்கையை வீட்டில் பிரித்துப் பார்த்தால், இரண்டு நுரையீரலின் அடியிலும் கிளை கிளையாக எலும்பு என்று போட்டிருந்தது. நுரையீரலில் ஏது எலும்பு? விலா எலும்பைப் பற்றிய வரி இடம் மாறி விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? எலும்பு என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே சளி என்று எழுதினேன். அடித்தல் திருத்தலோடு கொடுத்தால் மரியாதையில்லை என்று, முழுவதையும் சுத்தப் பிரதி எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவரைக் கேட்டிருக்கலாம். இதற்கெல்லாம் கேள்வியா என்று கோபித்துக்கொள்வாரோ என்று பயம். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று பாராட்டிவிட்டுச் சளி மருந்து எழுதினார். நாலு மாதம் குடித்தேன்.

இருமல் நிற்காமல் போகவே, போன வாரம் அவரே நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார். உன் வயதுகூட இராத பெண். அசல் அறிக்கை எங்கே என்று கேட்டார், பென்சில் கோட்டோடு கொடுத்தேன். சிரிக்கவில்லை. படத்தை விளக்கில் வைத்து, "ஐயா, இது தப்பில்ல. நிஜமாவே எலும்புதான். ரொம்ப அபூர்வமா சிலருக்கு இப்படி வளரும்" என்றார். இலை உதிர்ந்த மரம் போல இருந்தது. கரைக்க மருந்து கிடையாதாம், மெதுவாகத்தான் வளருமாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. உன் மாமா தினம் போன் செய்து, "மச்சான், நல்லா யோசிச்சுப் பாருங்க, எப்ப முழுங்கினீங்க?" என்கிறார். முழுங்கவில்லை, வளர்ந்தது என்று ஏழு முறை சொல்லிவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் பால் குடிக்காதீர்கள், எலும்பு இன்னும் பெருக்கும் என்று வழிமறித்துச் சொல்கிறார். உன் அம்மாவோ, "நாப்பது வருஷமா இவருக்கு முதுகெலும்பு எங்கேன்னு தேடிட்டிருந்தேன், நெஞ்சுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்துகிறாள்.

இனித்தான் விஷயம். கிளம்பும்போது அந்த டாக்டர், "உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது இப்படி வறட்டு இருமல் இருக்கா? சில குடும்பங்கள்ல ஒருத்தருக்கு மேல வந்திருக்கு, அதான் கேக்கறேன்" என்றார். நான் இல்லை என்றேன். கூட வந்திருந்த உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவில் ஏறும் வரை பொறுத்திருந்து, "ஊரான் தப்பையெல்லாம் திருத்தித் திருத்தி, இப்ப பெத்த பொண்ணு இருமலையும் அடிச்சிட்டீங்களா?" என்றாள். போன ஞாயிறு நீ போனில் பேசிய பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பது முறை இருமினாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். நேற்று நானே தனியாகப் போய், இல்லை என்றது பிழை, மகளுக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் உன்னையும் ஒரு முறை படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். வெறும் சளியாகவே இருக்கலாம் என்றும் சொன்னார்.

ஆகவே குளிரையும் நாற்காலியையும் விட்டுவிட்டு, இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய் ஸ்கேன் எடு. மாப்பிள்ளையையும் துணைக்கு அழைத்துப் போ. நீயும் அவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள். அறிக்கையை உள்ளது உள்ளபடி அனுப்பு, உன் அம்மா பெயருக்கு. அவள் படித்துக்காட்டட்டும், நான் பென்சிலை எடுக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் இருமலை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா