தட்டில் செத்த செல்கள்

என்னங்க,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறேன்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் உங்கள் மருத்துவமனை அட்டை இருந்தது. மூன்று வாரமாக அதில் முத்திரை இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் போவதாகச் சொல்லிக் கிளம்பினீர்களே, எங்கே போய் உட்கார்ந்திருந்தீர்கள்? கட்டிலுக்கடியில் நான்கு காலி ஆலிவ் எண்ணெய் பாட்டில்கள் வேறு. "தொண்டையில சுருக்குன்னு இறங்குது, வேலை செய்யுது பாரு" என்று நீங்கள் சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே!

தப்பு என்னுடையது. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அரை மணியில புற்று செல்லெல்லாம் செத்துப்போச்சுங்க" என்று குதித்தேன். ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மேல் நேராக விட்டோம், அவ்வளவுதான். அதே தட்டில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினாலும் அவை சாகும். அதை நான் சொல்லவில்லை. உங்கள் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

டாக்டரிடம் பேசினேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். என்னைத் திட்டுங்கள், பேசாமல்கூட இருங்கள். காலை ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

டாக்டரைவிட நீங்கள் அதிகம் நம்பிவிட்ட,
உங்கள் மனைவி