பகலில் உறங்கும் பறவைகள்

நேற்று அலுவலக வண்டியில் பக்கத்து இருக்கைப் பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். குஷாய்குடா நிறுத்தம் வரும்வரை நீ என் அருகிலேயே இருந்தாய். காக்கிநாடாவில் படகு ஏறும்போதே, டீசல் புகை தலைவலியைக் கிளப்பும் என்று தைலம் பூசிக்கொள்வாயே, அதே வாசனை.

நாம் இருவரும் ஒரே அலுவலகத்தில் இரவுப் பணி. நான் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவள். நீ செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். குளிர்காலத்தில் விடுப்பு சேர்ந்து வந்தால் போதும், "கிளம்புடி, காக்கிநாடாவுக்கு ஸ்கிம்மர் வந்திருக்கும்" என்பாய்.

ஸ்கிம்மர் பறவைக்குக் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு அலகு. கீழலகு மேலலகைவிட நீளம். முதலில் பார்த்தபோது அலகு உடைந்த பறவை என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன். கீழலகால் தண்ணீரைக் கீறிக்கொண்டே பறக்கும், மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும் என்று நீ கையாலேயே பறந்து காட்டினாய். உலகத்தில் இவை கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன என்றும் சொன்னாய். கோடையில் ஆற்று மணல்திட்டுகளில் முட்டையிடுகின்றன. அணை திறந்தால் முட்டைகள் அடித்துப் போகும். தண்ணீர் வற்றினால் நாய்கள் நடந்தே வந்துவிடும். அதனால் கூட்டத்தைக் கண்டதும் பழுப்பு இறகும் மங்கிய அலகுமாக ஓர் இளம் பறவை நிற்கிறதா என்றுதான் நீ முதலில் தேடுவாய். "ஒண்ணு இருந்தா போதும். எங்கேயோ ஒரு கூடு தப்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

கடைசியாகப் போனபோது, சிகிச்சையில் முடி உதிர்ந்து தலையில் துணி கட்டியிருந்தாய். நான் வேண்டாம் என்றேன். "நக்கோ. வீட்லயே படுத்திருந்தா இன்னும் வலிக்கும்" என்று உன் ஊர் உருதுவில் மறுத்தாய்.

ஆற்று முகத்துவார மணல்திட்டில் பறவைகள் காற்றுக்கு எதிரே முகம் வைத்து, சில மணலில் அலகைக் கிடத்தி, உறங்கிக்கொண்டிருந்தன. அப்போது இன்னொரு படகு வந்தது. செகந்திராபாத்திலிருந்து வந்த இளைஞர்கள். பறவைகள் மொத்தமாக எழும்பும் படம் வேண்டுமாம். திட்டிலேயே இறக்கச் சொல்லிப் படகோட்டியை நெருக்கினார்கள். ஒருவன் கைதட்டத் தயாராக எழுந்தான்.

"விடு, சண்டையாயிடும்" என்று உன் கையைப் பிடித்தேன். நீ விடுவித்துக்கொண்டு எழுந்தாய். கோபமே இல்லாமல், தெலுங்கும் உருதும் கலந்து அவனிடம் கேட்டாய்.

"தம்பி, என்ன வேலை பாக்கறே?"

"ஐ.டி. அக்கா."

"நைட் ஷிப்ட் உண்டா?"

"உண்டு."

"பகல்ல நீ தூங்கறப்ப யாராவது கதவைத் தட்டினா?"

அவன் சிரித்தான்.

"இதுங்களும் ராத்திரியெல்லாம் மீன் பிடிச்சிட்டு வந்து படுத்திருக்கு. எழுப்பி எழுப்பி விட்டா பறந்தே தெம்பு போயிடும்."

அவன் பறவைகளைப் பார்த்தான். பிறகு உன் தலைத்துணியைப் பார்த்தான். மெல்ல உட்கார்ந்து, படகைத் திருப்பச் சொன்னான். தள்ளிப் போய் இயந்திரத்தை அணைத்ததும் அங்கிருந்தே கேட்டான்: "இங்கேருந்து பாக்கலாமா அக்கா?"

"ஹவ், பாக்கலாம். அங்கேயே இரு."

நீ உட்கார்ந்தாய். என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். நான் அசையாமல் தொலைநோக்கியில் கூட்டம் முழுவதையும் அலசினேன். கண் விழித்ததும், "குஞ்சு இருந்துச்சா?" என்றாய்.

"இல்லை."

"சரி, அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த குளிர்காலத்துக்கு நீ இல்லை. அந்த வருடம் நானும் போகவில்லை.

இந்தத் தை மாதம் தனியாகப் போனேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பழுப்பு முதுகு தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "தப்பிச்சிருக்குடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். படகில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, என்ன அது என்று தெலுங்கில் கேட்டார். முன்பெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு புன்னகையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வேன், உனக்குத் தெரியுமே. இப்போது தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்து, என் உடைந்த தெலுங்கில் ஆற்றைச் சொன்னேன், அணையைச் சொன்னேன், நாய்களைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஓரமா ஒண்ணு, அழுக்குப் பிடிச்ச மாதிரி நிக்குதே, அதுவா?"

"அதுதாம்மா" என்றேன்.