புத்தகத்தின் மேல் உட்கார்ந்தவளுக்கு

இன்று காலை நான் போன பேருந்து குற்றாலம் சாலையில் நின்றுவிட்டது. கார்த்திகை பிறந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகள் நமக்குச் சொந்தமில்லை என்பது உனக்குத் தெரியாததா என்ன. முன்னும் பின்னும் சபரிமலைக்குப் போகிற ஐயப்பமார் வண்டிகள். ஈர வேட்டியும் கற்பூரமும் சந்தனமும் கலந்த வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அவ்வளவுதான், எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. காதோரம் நரைத்துவிட்ட பொம்பளை நான். தண்ணீர் சோதனைக் கூடத்து வேலையாக ஐந்தருவிப் பக்கம் மாதிரித் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்சம் தாமதமானால் அருவி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனாலும் இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது.

ஆடியில் நீ போனதிலிருந்து உன்னை நினைக்காமல் இருந்து பார்க்கிறேன். இன்றைக்கு முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தோம். எனக்கு முந்தின வருஷத்து அரியர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிசிக்கல் கெமிஸ்ட்ரி. வெப்பம், வேலை, ஆற்றல் என்று ஆரம்பித்து என்ட்ரோபியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிற அந்தப் பேப்பர். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் விழுந்தாயிற்று. இரண்டாவது முடிவு வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்னார், "இந்தத் தடவயும் போச்சுன்னா படிப்ப நிப்பாட்டிட்டு வீட்டோட இரும்மா. தம்பியப் படிக்க வச்சிக்கிடுதேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மாவை விட்டுச் சமாதானம் செய்திருப்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நாளைக்கு மழை வருமா என்று கேட்பவரைப் போலச் சொன்னார். தீர்மானித்துவிட்டார் என்று புரிந்தது.

அம்மா அந்த வாரமே இலத்தூர்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட ஆரம்பித்தாள். "சனி பகவான் என்ன, தெர்மோடைனமிக்ஸ் படிச்சிருக்காராட்டி?" என்று நீ கேட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் படிக்காதவள் இல்லை. அதுதான் கொடுமை. வகுப்பிலேயே என் நோட்டுதான் அழகு. தலைப்புக்குப் பச்சை, சமன்பாட்டுக்குச் சிவப்பு, அடிக்கோட்டுக்கு ஊதா. ஒரு பாடத்தை எழுதி முடித்து, அடித்தல் திருத்தல் இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து எழுதுவேன். எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தால் பக்கம் மட்டும் கண்ணில் வரும். இடது பக்கம், மேலே, பச்சைத் தலைப்பு. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று மட்டும் வராது. தெருவில் தினமும் பார்க்கிறவர்தான், பெயர் கேட்டால் தெரியாது என்கிற கதை.

நீ வேறு மாதிரி. உன் நோட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது. கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் நீ பாஸாகிக்கொண்டே இருந்தாய். எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதும் உனக்குத் தெரியும்.

அப்பா சொன்னதற்கு மறுநாள் காலை, இலத்தூரிலிருந்து தென்காசி போகிற பேருந்தில் நான் நோட்டை விரித்து வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தாய், நோட்டைப் பார்த்தாய். என் மடியிலிருந்து நோட்டையும் அதற்கடியில் இருந்த பாடப் புத்தகத்தையும் உருவி, சீட்டில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாய்.

எனக்குப் பகீர் என்றது. கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு நமக்கு. "எந்திரிட்டி. சரஸ்வதிடி அது."

"சரஸ்வதி கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன். நீ சொல்லு. என்ட்ரோபின்னா என்ன?"

"படிச்சிருக்கேன்."

"படிச்சியான்னு கேக்கல. என்னன்னு கேக்கேன்."

வாயைத் திறந்தேன். முதல் நாள்தான் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பேருந்தே என்னைப் பார்ப்பது போல இருந்தது. "குடுட்டி, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். நீ அசையவில்லை. "பாத்தா நானும் சொல்லுவேன், கண்டக்டர் அண்ணாச்சியும் சொல்லுவாவ. பாக்காமச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் சரி. ஸ்டாண்ட் வந்த பொறவு தாரேன்."

தென்காசி வரும்வரை நீ தரவில்லை. நான் இறங்கும்போது உன்னிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். மறுநாளிலிருந்து முந்தின பேருந்தில் போக ஆரம்பித்தேன். தனியாக, மடியில் நோட்டை விரித்து, நிம்மதியாக. அந்த நிம்மதி, அரியர்க்காரர்களுக்குக் கல்லூரியில் வைத்த மாதிரித் தேர்வின் தாள் கைக்கு வரும்வரைதான். அதிலும் விழுந்திருந்தேன். தாளைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தபோது தம்பிக்கு அடுத்த வருஷம் எந்தக் கல்லூரி என்று அப்பா விசாரிக்கத் தொடங்கியிருந்தது ஞாபகம் வந்தது. மறுநாள் பழைய பேருந்துக்கே வந்து, நானாகவே புத்தகத்தை உன்னிடம் நீட்டினேன். நீ அதை வாங்கி, மேலே உட்கார்ந்தாய்.

அன்றிலிருந்து நம் பேருந்துப் படிப்பு. ஒரு கேள்வி கேட்பாய். தெரியாவிட்டால் தெரியாததோடு இருக்க வேண்டும், தென்காசி ஸ்டாண்டில் இறங்கித்தான் விடையைப் பார்க்கலாம். அந்த இடைவெளி நரகம். மண்டைக்குள் ஒரு நமைச்சல், சொறியவும் முடியாது. ஆனால் இறங்கியதும் பார்க்கிற அந்த ஒரு வரி அப்புறம் எங்கேயும் போகாது. புதுப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று போன வாரத்துக் கேள்வியைத் தூக்கிப் போடுவாய். "அது அன்னைக்கே முடிஞ்சிட்டுல்லா" என்றால், "பரீட்சக்காரன் கிழமை பாத்தா கேப்பான்?" என்பாய். கண்டக்டர் அண்ணாச்சிக்கும் இதில் ஒரு ருசி வந்துவிட்டது. "என்ன பாப்பா, பதில் வந்துட்டா? ஸ்டாண்ட் வந்துட்டு" என்று விசில் ஊதுவார். வண்ணப் பேனாக்களை நான் தூக்கிப் போடவில்லை. எடுக்க நேரம் இல்லாமல் போயிற்று.

பரீட்சை நாள் இதே கார்த்திகையில் வந்தது. உனக்கு அன்று பரீட்சை கிடையாது. ஆனாலும் வந்தாய். தென்காசியில் வண்டி மாறி, குற்றாலத்தில் இருந்த நம் கல்லூரிக்குப் பாதி வழியில் இன்று நின்றது போலவே எல்லாம் நின்றுவிட்டது. மழை வேறு. அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை என்பதால் வண்டிகள் திரும்பவும் முடியாமல் முன்னேறவும் முடியாமல் கிடந்தன. தாமதமாகப் போனால் அரை மணி வரைக்கும்தான் உள்ளே விடுவார்கள். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாய்.

வண்டிகளுக்கு நடுவே சேற்றில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். புத்தகம் உன் பையில். "ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன், தாட்டி" என்று கெஞ்சினேன்.

"இப்பப் பாத்தா உள்ளதும் கலைஞ்சு போவும். நட. வாயு அடியபாட்டிக்கா விரியுது. சூடாகுமா, குளிருமா?"

"சூடாகும்."

நீ நடுரோட்டில் நின்றுவிட்டாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேன் ஜன்னலில் இருந்து ஒரு சாமி நம்மை வேடிக்கை பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது, நீயோ நகரவில்லை.

"ஏன் சூடாகும்? காரணம் சொல்லு."

"தெரியல. வாட்டி, நேரமாச்சு."

"வெளிய இருந்து வெப்பம் வருதா?"

"வரல. அடியபாட்டிக்னா வராதுல்லா."

"வாயு வேல செய்யுதா?"

"செய்யுது. விரியுதுல்லா."

"வரவே இல்லாம செலவு மட்டும் நடந்தா?"

மழைத் தண்ணீர் மூக்கில் வழிய நின்று யோசித்தேன். உள்ளே இருக்கிற ஆற்றலைத்தான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். எடுத்தால் குறையும். குறைந்தால் குளிரும். "குளிரும்" என்றேன். நீ நடக்க ஆரம்பித்தாய். தட்டிக் கொடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

வாசலை அடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தேன். ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்தேன். எழுத்துகள் கண்ணில் நிற்காமல் ஓடின. பழையபடி இடது பக்கம், மேலே, பச்சைத் தலைப்பு. அதற்குக் கீழே வெள்ளை. வீட்டோடு இருக்கிற என்னை அப்போதே பார்த்துவிட்டேன். தம்பியின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு, வேறு வழி தெரியாமல், வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வெப்பம் வருதா. வேலை நடக்கா. அப்போ எங்கிருந்து எடுக்கும். முதல் வரி வந்தது. அது அடுத்த வரியைக் கூட்டி வந்தது. அழகாக எழுதவில்லை. நிறைய அடித்தேன், திருத்தினேன். கடைசி மணி அடிக்கும்போதும் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் நீ மதில் ஓரம் நனைந்த கோழியாக நின்றாய். எனக்கு உன் காலில் விழலாம் போல இருந்தது. சொன்னேன். "போடி" என்றாய். "ஒனக்காக வந்தேன்னா நெனச்ச? அந்தப் பேப்பர்ல நான் தப்பிச்சதே பெரிய பாடு. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு அதுதான் வேணும். ஒன்னயக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கே வெளங்குச்சு." அது முழு உண்மையா, என் நன்றியைத் தாங்க மாட்டாமல் சொன்னதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பாஸாகிவிட்டேன். தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் முடிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, "அடுத்து என்னது படிக்கணும்?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

நீ வாத்தியாராகி மதுரைப் பக்கம் போய்விட்டாய். பண்டிகைக்குப் பண்டிகை போன், அவ்வளவுதான் நம் பேச்சு. வயிற்று வலி என்று போய்ப் படுத்த உன்னைப் பார்க்க, இந்தச் சித்திரையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பேருந்து நெடுக ஆறுதல் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டு வந்தேன். இப்போது நல்ல மருந்தெல்லாம் வந்துவிட்டது, உனக்கு ஒன்றும் ஆகாது, இப்படி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். நீ கண்ணை மூடியபடி, "மனப்பாடம் பண்ணிட்டு வந்தியாட்டி?" என்றாய்.

நீ காத்திருந்தாய். எடுத்துக்கொடுக்கவில்லை.

"பயமா இருக்குட்டி" என்றேன்.

"எனக்கும்" என்றாய். அதற்குப் பிறகு நாம் நன்றாகப் பேசினோம். ஆடியில் நீ போய்விட்டாய். எனக்கு இன்னும் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

நான் இன்றைக்கும் புதிய சோதனை முறை எதைப் படித்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் சோதனைக் குழாயைத் தொடுகிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் தனியாகப் பேசுகிறாள் என்று சிரிப்பார்கள். நான் தனியாகப் பேசவில்லை என்று அவர்களிடம் சொல்லத் தோன்றும், சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதினேன். உன் படத்தைப் பார்க்கவில்லை, உன் வீட்டில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தது என்கிறேன், வெறும் சாரலாக இருந்திருக்கலாம். நடுரோட்டில் நீ கேட்ட கேள்வியின் வரிசை வேறாக இருந்திருக்கலாம். சில இடங்களில் நிச்சயம் தப்பாகச் சொல்லியிருப்பேன். எந்த இடத்தில் என்று சொல்ல இனி யாரும் இல்லை.