அப்பா கத்தக் கத்த யோர்ன் அடித்த கோல்

அன்பு மகள் வீப்கேவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம், அப்பாவுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நலம்தானே?

மாமா பெரிய ஆட்டக்காரரா என்று மாப்பிள்ளை உன்னிடம் கேட்டாராமே. பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பந்து கொடுத்தவர் என்று சொல். கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் நடுக்களத்தில் அத்தனை வருஷம் ஓடினார், தானாகக் கோல் அடிக்கவே மாட்டார், பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் பந்து. முழங்கால் போனதும் பயிற்சியாளரானார், இரண்டு கிளப்பில் வேலை போயிற்று, நான் பேக்கரிக்குப் போய்ச் சமாளித்தேன், கடைசியில் நம்ம ஊர்க் கிளப்பே கூப்பிட்டது. அதற்கும் இந்த வருஷம் ஆபத்து. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும், இறங்கினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தலைவர் ஹோல்ட்காம்ப் நேராகவே சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து அப்பா அதே அணியில் ஆடும் உன் தம்பி யோர்னைக் களத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்காரவைத்தார், பந்து கிடைத்தால் யாருக்கும் விடுவதில்லையாம். வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. "எங்க கோச்சுக்கு உப்பு வேணுமான்னு கேளும்மா" என்று இவன், "வேணாம்னு உன் புள்ளைகிட்ட சொல்லு" என்று அவர், நடுவில் நானும் உருளைக்கிழங்கு சாலடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மழை, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரத்தில் நடுக்கள ஆள் ஒருவனுக்குக் காலில் தசை பிடித்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் யோர்னை இறக்கினார். அவன் பந்தோடு பாய்ந்தான். "இடது பக்கம் பாஸ் பண்ணுடா, டேய் கழுத, பாஸ்!" என்று அப்பா கத்தியது சர்ச் வரை கேட்டிருக்கும். இவன் காதில் வாங்கவில்லை, தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தான், கம்பத்தில் பட்டு உள்ளே! ஊரே களத்தில் இறங்கிவிட்டது, என் மேல் பியரைக் கொட்டியது யாரென்று இன்னும் தெரியவில்லை. அப்பா சேற்றில் நொண்டிக்கொண்டே ஓடி அவனைக் கட்டிக்கொண்டு, "இடது பக்கம் ஒருத்தன் சும்மா நின்னானேடா, குருடா" என்று திட்டியபடி அழுதார். "பாத்தேம்பா, அவன் ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தான்" என்றான் இவன்.

தலைவர் அங்கேயே, இன்னும் இரண்டு வருஷம் நீங்கதான் என்று கையைக் குலுக்கினார். ஆனால் பெரிய செய்தி அதுவல்ல. யோர்னைப் பெஞ்சில் வைத்த அதே வாரம் அப்பா தன் பழைய அணிக்கு இரகசியமாகப் போன் செய்து, ஒரு பையன் இருக்கிறான், வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கே வந்து பார்த்துவிட்டார்கள். ஜூலையிலிருந்து யோர்ன் அங்கேதான்! கேட்டதும் இவன் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, "அங்க போயும் நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்றான். "பண்ணுவே. அங்க கோச் உன் அப்பன் இல்ல" என்றார் அவர். சொல்லிவிட்டு, வெளியே கார் கழுவப் போய்விட்டார், அந்த மழையில்.

இருவரும் நோய்நொடியில்லாமல் ஒற்றுமையாக இருங்கள், கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. தம்பியைப் பாராட்டிப் போன் செய், மறக்காமல் அப்பாவையும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா ரோஸ்விதா